தட்டை ஓட்ஸ் வராத கிழமை

கந்தளாய்க்கு அப்பால் வெள்ளம் தெருவை மூடியதில்
லொறி வரவில்லை.
நவ்சாத்தின் கடையில்
தடித்த தட்டை ஓட்ஸ் இருக்கிற தட்டில்
நுளம்புச் சுருள் அடுக்கியிருந்தது.
"குயிக்தான் இரிக்கு அக்கா.
எல்லாம் ஒரே ஓட்ஸ்தானே?"

ஒரே நெல்தான்.
அரிசியும் அவலும் நொய்யும்
ஒரே நெல்தான் நவ்சாத்.
புரியாணிக்கு அவலைப் போட்டுப் பார்,
உன் வாப்பா என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

இதைக் கடையில் சொல்லவில்லை.
உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி
எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு அறுபது பிஸ்கற்.
உப்புவெளியில் பெனடிற்றின் விடுதி,
கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு
கோப்பி குடிக்கிறவர்களுக்கு.
அவர்கள் கேட்பது பெரிதாய் ஒன்றுமில்லை.
ஓரம் முறுக வேண்டும்,
நடுவில் பல்லுக்குக் கொஞ்சம் வேலை வேண்டும்.

முதல் தட்டு.
கோப்பைக்குக் கோப்பை குயிக்கைப் போட்டேன்.
அது பட்டரையும் முட்டையையும்
ஒரே மூச்சில் குடித்துவிட்டு
இன்னும் இருக்கா என்றது.
பரவ வேண்டியது பரவவில்லை.
வைத்த உருண்டை வைத்தபடி குந்தியிருந்தது,
கச்சேரி வாங்கில்
கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள் மாதிரி.
தின்னலாம்.
வாய்க்குள் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாம் தட்டுக்கு
மச்சாள் சுபோதினி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பெட்டி.
தட்டாத ஓட்ஸ், இரும்பால் வெட்டியது,
பார்த்தால் நொய்யரிசி.
இரண்டு வருடமாய்ப் பிரிக்கவில்லை.
கஞ்சி காய்ச்சிக் குடித்து இளைக்கச் சொல்லி அனுப்பியது,
அதுதான் காரணம்.
அப்படியே கொட்டிக் குழைத்தேன்.
அவனைப் பற்றவைத்தேன்.
அடுப்பைச் சொல்கிறேன்,
கப்பலில் இருக்கிறவனை அல்ல.

பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது
பார்வைக்குப் பொன்.
கடைவாய்க்குக் கல்.

கேற்றடியில் ஒரு புள்ளிமான் நின்றது,
கோட்டையிலிருந்து இறங்கி ஊர் சுற்றுகிற ஒன்று.
கிழங்குத் தோல், கடுதாசிப் பை,
போன தேர்தலின் சுவரொட்டி வரைக்கும் தின்னும்.
ஒரு பிஸ்கற்றை நீட்டினேன்.
முகர்ந்தது. நக்கியது.
என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச்
சுவரொட்டிக்கே திரும்பிப் போனது.

பிறகுதான் கேத்திலை வைத்தேன்.
வெட்டிய ஓட்ஸுக்கு இருபது நிமிடம் கொதிநீர்.
வடித்து, துணியில் பரப்பி ஒற்றியெடுத்து
அதில் ஒரு பங்கு, குயிக்கில் இரண்டு.
மாவில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்தேன்,
குயிக்கின் தாகம் தெரிந்துவிட்டதால்.
அரைமணி குளிரட்டும் என்று
குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்,
உள்ளே விளக்கு எரியவில்லை.
உவர்மலை முழுக்க இருட்டு.
சீனன்குடாப் பக்கம் மட்டும் வெளிச்சம்,
மா ஆலை ஏதோ ஒரு கப்பலின் கோதுமையை
உறிஞ்சிக்கொண்டிருந்தது.
டோர்ச்சைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி
உருண்டை பிடித்தேன்.
தானாய்ப் பரவாது என்பதால்
ஒவ்வொன்றையும் உள்ளங்கையால்
ஒரு தட்டுத் தட்டினேன்.

வந்தது.
பழைய பிஸ்கற் இல்லை,
பழையதின் தங்கச்சி என்றும் சொல்ல மாட்டேன்.
ஓரம் முறுகல். நடுவில்
சின்னச் சின்னதாய் ஒரு எதிர்ப்பு,
ஒவ்வொரு நொய்யும்
தன் பெயரைச் சொல்லிவிட்டு வழிவிடுகிற மாதிரி.

ஞாயிறு பெனடிற் எடுத்தான்.
"வெள்ளைக்காரி ஒருத்தி
கடலை போட்டதோ எண்டு கேக்கிறா.
அடுத்த கிழமையும் அதே சாமான்."
திங்கள் நவ்சாத் எடுத்தான்.
"அக்கா, தட்டை வந்திட்டு.
மூணு டின் உங்களுக்கெண்டு வெச்சிரிக்கன்."

ஒன்று வாங்கினேன்,
அவன் முகத்துக்காக.
இரவு மச்சாளுக்கு எழுதினேன்,
பெட்டி முடிந்துவிட்டது, இன்னொன்று அனுப்பு.

அங்கே காலை போலும், உடனே பதில்:
"நான் அப்பவே சொன்னன்தானே!
எத்தனை கிலோ குறைஞ்சது?"